நானூற்றுப் பதினேழு அடித்த ஜீப்

ஜீப்பைப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்கு அனுப்பச் சம்மதித்த நாளிலிருந்து பொன்ராஜுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. போகிற வண்டியே திரும்பி வருமா என்ற கேள்வி தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

தேயிலை எஸ்டேட்டுகள் நிறைந்த ஏலப்பாறை மலை வட்டாரத்தில் அந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் எஸ்டேட் மேனேஜர் ஏறி வந்த வண்டி. கம்பெனி அதை ஏலத்தில் விட்டபோது, கான்ட்ராக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நடுவில் நின்று கையைத் தூக்கியவர் பொன்ராஜின் அப்பா. தேயிலைக் காட்டில் கவ்வாத்து வெட்டிய தொழிலாளி அவர். மேனேஜர் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து அவர் தொழிலாளர் லயத்துக்கு ஓட்டி வந்த அன்றைக்கே அந்தக் குடும்பத்துக்கு ‘ஜீப்பு வீடு’ என்று பெயர் விழுந்துவிட்டது. பொன்ராஜ் சூப்பர்வைசர் ஆகி, ஓய்வு பெற்று, ரோட்டோரம் சொந்த வீடு கட்டிக் குடிபோன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அடுத்தவன் பொருளைத் தொடாத வீடு, தன் பொருளை அடுத்தவன் தொட விடாத வீடு என்று நாலு பேர் சொல்லும்படி அந்தப் பெயரைக் காப்பதுதான் தனக்கு மிச்சமிருக்கும் வேலை என்று அவர் எண்ணியிருந்தார்.

மகன் ஜெகனுக்கு வேறு எண்ணம். தேயிலை பேக்டரி வேலையை விட்டுவிட்டு, டூரிஸ்டுகளை மலைத்தடத்தில் ஏற்றிக்கொண்டு போகும் தொழிலில் இறங்கத் தீர்மானித்திருந்தான். பாறையும் சேறும் ஓடைக்குழியுமாகக் கிடக்கும் தடம். அதற்கு வண்டியை ஒரு முழம் தூக்க வேண்டும், அடியில் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைக் கனமாக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், முன்பக்கம் இழுவைக் கம்பிச் சுருளோடு ஒரு வின்ச் பொருத்த வேண்டும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவன் சித்தூரில் இருந்தான். ஜெகனின் மச்சான் லோகேஷ், மருமகள் ஆர்த்தியின் அண்ணன்.

ஜெகன் சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்தபோது தானாகப் பார்த்துக்கொண்ட பெண் ஆர்த்தி. பெண்ணைப் பற்றிப் பொன்ராஜுக்கு ஒரு குறையும் இல்லை. பெண் வீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத வீட்டை நம்புவது அவருக்குப் பழக்கமில்லை.

போதாததற்கு, ஜீப் ஸ்டாண்டில் மிக்கேல் வாயைத் திறந்தான். முப்பது வருஷமாக ஏலப்பாறையில் ஜீப் ஓட்டுகிறவன். ஊரில் யார் வீட்டு வண்டி இருமினாலும் அவனுக்குக் கேட்கும்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கோவப்படுற மாதிரி இருந்தாச் சொல்லாத.”

“அப்பம் சொல்லித்தான் ஆகணும். ஒம்ம ஜீப்புல கெடக்குற ஆக்சிலு இப்பம் எங்க தேடினாலும் கெடைக்காது. மலையேத்தப் போட்டிக்கு வண்டி கட்டுறவனுவ அந்தப் பழைய இரும்புக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுதானுவ. பட்டறைக்குள்ள போறது ஒம்ம வண்டி. வெளிய வாறது பெயிண்டு அடிச்ச வேற சாமானா இருந்தா, ஒமக்கு எப்படித் தெரியும்?”

“சம்பந்தி வீடுலே அது.”

“அதத்தான் சொல்லுதேன். வேத்தாளுன்னாச் சட்டையப் புடிச்சுக் கேட்டுப்பிடலாம். சம்பந்தி வீட்டுல என்னன்னு கேப்பீரு?” மிக்கேல் டீ கிளாசைக் கவிழ்த்து வைத்தான். “ஒரு அடையாளத்தப் போட்டு அனுப்பும். அம்புட்டுத்தான்.”

அடையாளம் என்றதும் பொன்ராஜுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. காலையில் பேர் கூப்பிடுவதற்குப் பதில் அந்த எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, கொழுந்துக் கூடையின் வளையம் என்று எல்லாவற்றிலும் அவரவர் எண்ணை அடித்து வைப்பார்கள். ஒருவன் கத்தி இன்னொருவன் கைக்குப் போனால் எண் பேசும். பொன்ராஜின் அப்பாவுக்கு நானூற்றுப் பதினேழு. செக்ரோலிலிருந்து அவர் பேர் நீங்கியதும் அதே எண் பொன்ராஜுக்கு வந்தது. எண் அடிக்கும் இரும்பு அச்சுகள் ஒரு தகரப் பெட்டியில் அவரிடம் இன்னும் இருந்தன.

ஜெகன் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், சாக்கை விரித்துப் போட்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கைத் துடைத்து, எஞ்சினில் அடித்தார். கியர்பாக்ஸில் அடித்தார். முன் ஆக்சிலில் நன்றாக ஆழமாக அடித்தார். கடைசியில் சேஸ் நினைவுக்கு வந்தது. வண்டிக்கு எலும்பு அதுதானே, அதையே மாற்றிவிட்டால் என்ன மிஞ்சும்? முன்சக்கரத்துக்கு உள்ளே, சேஸில் கம்பெனி அடித்த எண் தெரிந்தது. அதைத் துடைத்துச் சுத்தமாக்கி, அதை ஒட்டியே வரிசை பிசகாமல் தன் எண்ணையும் அடித்தார். இனி எவன் மாற்றுவான் பார்க்கலாம்.

“என்னங்க, அடியில கெடந்து என்னத்தத் தட்டுதீக?” அழகுத்தாய் வாசலில் நின்று கேட்டாள்.

“வேல கெடக்கு. நீ உள்ள போ.”

மனைவியிடம்கூடப் பொய் சொல்லாமல் தப்பித்த திருப்தி அவருக்கு இருந்தது.

*

வண்டியை எடுத்துப்போக லோகேஷே வந்தான். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் மெதுவாக வரும். வந்தவன் ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். அந்த நடை பொன்ராஜுக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் மாட்டைச் சுற்றி வருகிறவனின் நடை அது.

“ஏனுங்க மாமா, சவுக்கியமுங்களா? வண்டி சோக்காத்தான் இருக்குது. இரும்பெல்லாம் கல்லாட்ட இருக்குதுங்க.”

“அது எங்களுக்குத் தெரியும் தம்பி. கூலி எவ்வளவுன்னு இப்பவே சொல்லிருங்க.”

“கூலியா? சாமானுக்கு மச்சான் பாத்துக்கட்டும். என்ற வேலை எங்க ஆர்த்திக்குச் செய்யற சீருன்னு வெச்சுக்கோங்க.”

“கல்யாணத்துக்கே சீர் வேண்டாம்னு சொன்ன வீடு இது.”

“சொன்னீங்க.” லோகேஷ் சிரித்தான். “எங்கய்யன் இன்னும் அதை மறக்கலீங்க.”

பொன்ராஜ் அன்று சீர் வேண்டாம் என்று சொன்னது பெருமைக்காக. ஜீப்பு வீடு யாரிடமும் கை நீட்டாது என்று ஊர் சொல்லட்டும் என்பதற்காக. அதைப் பெண் வீட்டார் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. கூலி வாங்க மறுக்கிற ஒருவன். மறக்காத ஓர் அப்பன். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தபோது மிக்கேல் சொன்னது இன்னும் கெட்டியாகிப் போயிற்று. ஜெகனும் லோகேஷும் சிரித்துப் பேசிக்கொண்டு வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு போவதை வளைவு மறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதம் ஒன்று ஆயிற்று. ஜெகன் போனில் கேட்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்றே பதில் வந்தது. ஒரு நாள் காலையில், பாலக்காட்டில் ஒரு தெரிந்தவரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பொன்ராஜ் பஸ் ஏறினார். பழைய சூப்பர்வைசர் ஒருவர் மெய்யாகவே பாலக்காட்டில் இருந்தார். அவர் வீட்டில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, சித்தூர் பஸ்ஸில் ஏறினார்.

பட்டறை தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. மேலே கள் இறக்கப் பாளை சீவும் சத்தம், கீழே இரும்பு அறுக்கும் சத்தம். ஜீப்பைத் தேடி நேராக உள்ளே போனார். நான்கு தாங்கிகளின் மேல், காலும் கையும் இல்லாத உடம்பைப் போல் அது நின்றது. சக்கரம் இல்லை. பட்டைகள் இல்லை. முன் ஆக்சில் இருந்த இடத்தில் வெறும் காற்று.

“அட, மாமாங்களா? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனுங்களே.” லோகேஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“ஆக்சில் எங்க?”

வந்தவர் நலம் விசாரிக்கவில்லை என்பதை லோகேஷ் கவனித்தான். “பொள்ளாச்சிக்கு லேத்துக்குப் போயிருக்குதுங்க. நாளை மக்யா நாளு வந்துரும்.”

“எந்த லேத்து?”

“நமக்குப் பழக்கப்பட்ட லேத்துதானுங்க.”

பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய இன்னொரு ஜீப் நின்றது. அடியில் தெரிந்த டயர் மட்டும் இடுப்பளவு உயரம். பொன்ராஜ் அந்தப் பக்கம் ரெண்டு எட்டு வைத்தார். லோகேஷ் அவசரப்படாமல், ஆனால் அவருக்கு முன்னால் போய், தார்ப்பாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

“அது போட்டி வண்டிங்க மாமா. கட்டி முடிக்கற வரைக்கும் யாருக்கும் தொறந்து காட்டக் கூடாதுன்னு வண்டிக்காரரு சொல்லியிருக்காரு.”

“எனக்குமா?”

“எங்கய்யனுக்கே காட்டலீங்க.”

சம்பந்தி வேல்முருகன் செய்தி கேட்டுத் தோப்பிலிருந்து வந்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்தார். பொன்ராஜ் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். “அதான் தெரியுமுங்களே,” என்று சொல்லிவிட்டு வேல்முருகன் கையை விட்டார். அந்தப் பதில் வழியெல்லாம் பொன்ராஜின் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. என்ன தெரியும் இந்த ஆளுக்கு?

*

ஜீப் திரும்பி வந்த அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். வண்டியின் அடிப்பாகம் பாதி ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. சேற்றைக் கவ்வும் பல் வைத்த டயர்கள், தலைக்கு மேல் உருளைக் கம்பிக் கூடு, ஓடையில் மூழ்கினாலும் எஞ்சின் மூச்சுவிட மேலே தூக்கி வைத்த குழாய், முன்னால் வின்ச். ஜெகன் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். மழையில் அரித்துக் கிடந்த பேக்டரிப் பின்வழியில் ஏற்றிக் காட்டினான். பழைய வண்டி முக்கி நிற்கும் இடத்தில் இது சத்தம் மாறாமல் ஏறிற்று.

எல்லோரும் உள்ளே போனதும் பொன்ராஜ் டார்ச்சோடு அடியில் புகுந்தார். எஞ்சினில் எண் இருந்தது. கியர்பாக்ஸில் இருந்தது. சேஸில் அடித்தது அடித்தபடியே இருந்தது. ஆக்சிலுக்கு வந்தபோது டார்ச் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவர் எண் அடித்த இடத்தை மூடி, விரல் கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு வைத்து, இரண்டு ஓரமும் வெல்டு பிடித்துக் கறுப்புப் பெயிண்டு அடித்திருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. அடியில் இருப்பது தன் ஆக்சிலா எவனுடையதோ ஆக்சிலா என்று அந்தச் சத்தம் சொல்லவில்லை.

எத்தனை இடம் இருக்கிறது தகடு வைக்க. சரியாக அந்த இடத்திலா?

வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். ஆர்த்தி காபியோடு நின்றாள்.

“மாமா, எங்கண்ணன் என்ன பண்ணிப்போட்டாருங்க?”

“நான் ஏதாவது சொன்னனா?”

“சொல்லாம இருக்கறீங்களே, அதுதானுங்க பயமா இருக்குது.”

அவர் காபியை வாங்கிக்கொண்டார். வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் டெஸ்ட் அடுத்த வாரம் இருந்தது. கேட்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். காகிதம் கைக்கு வரட்டும். அதன் பிறகு லோகேஷை நடு வீட்டில் உட்கார வைத்து, தகட்டை அறுக்கச் சொல்லி, ஜெகனையும் பார்க்க வைத்து ஒரு முடிவு செய்துவிடலாம். அந்த முடிவுக்குப் பிறகு ஆர்த்தி இந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்பதையும் அவர் யோசித்தார்.

*

டெஸ்டுக்கு லோகேஷும் வந்திருந்தான். பெரிய டயரையும் வின்ச்சையும் கம்பிக் கூட்டையும் கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்தை மாட்டி ஓட்டி வந்தார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான் ஜெகன். அதிகாரி கண்ணிலிருந்து மறைக்கத் தெரிந்தவனுக்கு மாமன் கண்ணிலிருந்து மறைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பொன்ராஜ் நினைத்துக்கொண்டார்.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் டின்சி மேடம் மலையாளத்துக்காரி. எஸ்டேட் ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியிருந்தார். பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு ஒரு தாளைச் சேஸ் எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தார். எண் தாளில் எழும்பி வந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தவரின் புருவம் சுருங்கியது. மறுபடியும் குனிந்தார்.

“இதுல மூணு நம்பர் கூடுதல் உண்டு. ஆரு அடிச்சது?”

பொன்ராஜுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் காது ரெண்டும் சுட்டன.

“துருகூடப் பிடிக்கல. புதுசா அடிச்சிருக்கு. வண்டி எங்க பணி செஞ்சது?”

“சித்தூர்ல, மேடம்,” என்றான் ஜெகன்.

“ஆரு பணி செஞ்சது?”

“நான்தானுங்க மேடம்.” லோகேஷ் முன்னால் வந்தான்.

“திருட்டு வண்டியோட சேஸ எடுத்து நம்பர் அடிச்சுக் கொண்டு வர்ற கேஸ் எத்தனையோ பாத்தாச்சு. வண்டியப் பிடிச்சு வச்சுப் போலீசுக்கு எழுதணும். முதல்ல உன் பேருதான் எழுதணும். தெரியுமல்லோ?”

“தெரியுமுங்க. நான் அடிக்கலீங்க.”

“பின்ன ஆரு?”

லோகேஷின் கை சட்டைப் பையிலிருந்த போனை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்று கீழே இறங்கிவிட்டது. “நான் அடிக்கலீங்க மேடம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

அதற்குள் டெஸ்டுக்கு வந்திருந்த டிரைவர்களும் புரோக்கர்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். சித்தூர் பட்டறையாம், திருட்டுச் சேஸாம் என்று பின்னால் ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்வது பொன்ராஜுக்குக் கேட்டது.

வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆக்சிலை மாற்றியவன் என்று தான் நினைக்கிற ஒருவன், வேறொரு கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மாட்டட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லத்தான் செய்தது. ஆனால் செய்யாத காரியம் ஒருவன் தலையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வீடு என்று நாளைக்கு எவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தனக்குத் தெரியும் அல்லவா? பொன்ராஜ் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டு முன்னால் போனார்.

“அது என் நம்பர்.”

டின்சி மேடம் திரும்பினார். “என்ன சொன்னீங்க?”

“நானூத்திப் பதினேழு. எஸ்டேட்ல என் செக்ரோல் நம்பர். நான்தான் அடிச்சேன். கியர்பாக்ஸ்லயும் எஞ்சின்லயும்கூட அடிச்சிருக்கேன், குனிஞ்சு பாருங்க.”

“கத்தியில அடிக்கற நம்பர வண்டியில எதுக்கு அடிச்சீங்க?”

“என் பொருளுன்னு அடையாளத்துக்கு.”

“எப்ப?”

“பட்டறைக்கு அனுப்புறதுக்கு முன்னால.”

“இத்தனை வருஷம் அடிக்காம பட்டறைக்குப் போகும்போது மட்டும் என்ன அடையாளம்?”

“அப்பா,” என்றான் ஜெகன், நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிற குரலில்.

பழக்கம் என்று சொல்லிவிடலாம். எஸ்டேட் வழக்கம் என்று சொன்னால் அந்த அம்மாள் நம்பவும் நம்புவார். பொன்ராஜ் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“இந்தத் தம்பி சாமான மாத்திருவாரோன்னு எனக்குச் சந்தேகம். அதனால அடிச்சேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லோகேஷ் இப்போதுதான் போனை வெளியே எடுத்தான். தேடி ஒரு போட்டோவை எடுத்து மேடத்திடம் நீட்டினான். வண்டி பட்டறைக்கு வந்த அன்றைக்கு எடுத்தது. தேதி இருந்தது. பிசுக்கு அப்பிய சேஸில் ஒரு சாண் இடம் மட்டும் துடைத்துப் பளிச்சென்றிருக்க, கம்பெனி எண்ணுக்குப் பின்னால் நானூற்றுப் பதினேழு தெளிவாகத் தெரிந்தது.

மேடம் போட்டோவைப் பார்த்தார், குனிந்து கியர்பாக்ஸைப் பார்த்தார், கடைசியாகப் பொன்ராஜைப் பார்த்தார். “பெரியவரே, உங்க சந்தேகத்துல நீங்களே உங்க வண்டியத் திருட்டு வண்டி ஆக்கிட்டீங்க.” டெஸ்ட் இன்றைக்குப் பாஸ் கிடையாது என்றார். நடந்ததைக் கைப்பட எழுதித் தர வேண்டும், மேலதிகாரி பார்த்து முடிவு சொல்லும்வரை வண்டி வீட்டை விட்டு நகரக் கூடாது என்றார். பொன்ராஜ் ஒரு வரி விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

*

வீட்டு ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் ஜெகன் சாவியைத் திண்ணையில் போட்டுவிட்டு உள்ளே போனான். பொன்ராஜ் லோகேஷைப் பார்த்துக் கேட்டார்.

“மொத நாளே பாத்துட்டீங்களா?”

“பாத்தனுங்க. அந்தந்த எடத்த மட்டும் தொடைச்சு வெச்சிருந்தீங்க. இருட்டுல சிம்னி வெளக்காட்டத் தெரிஞ்சுதுங்க.”

“அப்பவே கேக்க வேண்டியதுதானே.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

பொன்ராஜ் ஷெட்டுக் கம்பத்தைப் பார்த்தார்.

“எங்கய்யன்கிட்டக்கூட நான் சொல்லலீங்க மாமா. சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து ஆர்த்தியக் கூட்டிட்டுப் போயிருப்பாரு.”

“அந்தம்மா கேட்டதும் போட்டோவக் காட்டியிருக்கலாமே. எதுக்குக் கைய எறக்கினீங்க?”

“நீங்க வாயத் தொறக்கறீங்களான்னு பாக்கோணும்னு இருந்துச்சுங்க.”

தான் ஒருவனைக் கண்காணித்துக்கொண்டிருக்க, அவன் தன்னைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறான். பொன்ராஜுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

லோகேஷ் தன் சாமான் பையிலிருந்து அறுக்கும் கிரைண்டரை எடுத்தான். வயரை இழுத்துப் பிளக்கில் செருகினான். “இன்னும் ஆக்சில் பாக்கி இருக்குதுங்களே. அந்த எடத்துல விரிசல் ஓடியிருந்துச்சு. மலையில ஒடிஞ்சா மச்சான்தான் உருளோணும், அதுக்குத்தான் தகடு வெச்சேன். நீங்க நம்ப வேண்டாம். அறுத்துக் காட்டிப் போடறேன்.”

“அண்ணா, வேண்டாம்ணா,” என்றாள் ஆர்த்தி வாசலிலிருந்து.

“நீ உள்ள போ. நம்ம ஊட்டுக்கும் ஒரு பேரு இருக்குது.”

அவன் அடியில் புகுந்தான். கிரைண்டர் அலறியது. தீப்பொறி ஷெட்டுத் தரையில் சிதறியது. பொன்ராஜையும் அறியாமல் அவர் கழுத்து முன்னால் நீண்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். தகடு கழன்று விழும், எண் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் அந்த வாசலில் நிற்கிற பெண் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க முடியாது. இருந்துவிட்டால் அவரால் முடியாது. ரெண்டில் எது வந்தாலும் இந்த ஷெட்டிலிருந்து ஒரு வீடு பேரை இழந்துதான் வெளியே போகும்.

பொன்ராஜ் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

அலறல் அடங்கியது. லோகேஷ் தலையை வெளியே நீட்டினான். “என்னங்க?”

“போதும். வெளிய வாங்க.”

“இன்னும் கோடுதானுங்க விழுந்திருக்குது.”

“கோட்டுமேல பெயிண்ட அடிச்சு விடுங்க. விரிசல் மேல வச்ச தகட்ட எடுத்தா எம் மகன்தான் உருளுவான்.”

“அப்ப நம்பறீங்களா மாமா?”

“அத எங்கிட்டக் கேக்காதீங்க,” என்றார் பொன்ராஜ். “பெயிண்ட அடிங்க.”

*

மாலையில் கோட்டயம் பஸ்ஸில் லோகேஷை ஏற்றிவிடப் பொன்ராஜும் கூடவே நடந்தார். வேண்டாமுங்க என்று அவன் சொல்லியும் கேட்கவில்லை. ஸ்டாண்டில் மிக்கேல் நாலைந்து டிரைவர்களோடு ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றான். செய்தி இவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

“அண்ணாச்சி, டெஸ்டுல என்னமோ கோளாறுன்னு கேட்டேன்?”

“எங்கோளாறுதான். நான் அடிச்ச நம்பர். எழுதிக் குடுத்தாச்சு.”

மிக்கேல் லோகேஷை மேலும் கீழும் பார்த்தான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்கிறவனின் சிரிப்பு முகத்தில் வந்தது. “அடிச்ச நம்பரெல்லாம் வண்டியில அப்பிடியே இருக்கில்லா?”

“இருக்கு.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“ஆக்சில்லயும்?”

லோகேஷ் பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். மற்ற டிரைவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்ராஜ் தன் வயசுக்குப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை.

“ஆக்சில்லயும் இருக்கு. தகட்ட எடுத்து எங் கண்ணால பாத்தேன்.”

“பாத்தாச் சரி,” என்றான் மிக்கேல், கொஞ்சம் ஏமாந்தவனாக.

லோகேஷ் அவரைத் திரும்பிப் பார்த்தது கடைக்கண்ணில் தெரிந்தது. பொன்ராஜ் பஸ் வரும் திசையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பஸ் வந்து நின்றது. லோகேஷ் படியில் கால் வைத்து, “வர்றேனுங்க மாமா,” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக அவனைப் பற்றி முதன்முதலாக ஒரு நல்ல எண்ணம் பொன்ராஜுக்கு வந்தது.

பஸ் வளைவில் திரும்பியதும் மிக்கேல் பக்கத்தில் வந்தான். “இருந்தாலும் அண்ணாச்சி, சித்தூர்க்காரனுவள நான் ஒருநாளும்...”

“மிக்கேலு,” என்றார் பொன்ராஜ். “அவரு எங்க வீட்டு ஆளு. எங்க வீட்டு ஆளப் பத்தி ஒரு சொல்லு, இனிமே என் காதுல விழக் கூடாது.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், மேட்டு ரோட்டில் ஏறி நடந்தார்.